ஆற்றைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்துவிட்டு

போர்ட் ஆல்டன், நியூயார்க் மாநிலம்
3 ஜூலை 2022

அன்புள்ள ஹாலிஸ்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதித்ததற்குக் கோபிக்காதே. கடைவாய்ப் பல்லை இன்னும் பிடுங்கிக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். இருபத்திரண்டு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியும் உன்னைப் பல் மருத்துவரிடம் அழைத்துப்போக என்னால் முடியவில்லை. பிரிந்து பத்து வருஷம் கழித்துக் கடிதத்திலா முடியப்போகிறது? ஆனாலும் சொல்கிறேன், போய்வா.

இந்த வாரம் முழுக்க ஆற்றில் மூடுபனி. படகு கிளம்பிய இரண்டாவது நிமிஷம் கரை மறைந்துவிடுகிறது. தீவு இன்னும் தெரிவதில்லை. கால் மணி நேரம் நான் எங்கேயும் இல்லாமல் இருக்கிறேன். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, படகின் மணியைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் எனக்கு வயசு இல்லை, ஊர் இல்லை. பிறகு டெலாங் தீவு, யாரோ பென்சிலால் கோடு இழுத்த மாதிரி வந்துவிடும். பாஸ்கம் அம்மாவின் கால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட வேண்டும் என்பது நினைவுக்கு வரும்.

செய்தி கேட்டிருப்பாய். பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தனிப்பட்ட காரணம் காட்டு என்று நம் மாநிலம் இனிக் கேட்கக்கூடாது என்று வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அது அரசியல் சட்டம் கொடுத்த உரிமையாம். உரிமைக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லையாம். வானொலியில் கேட்டபோது முட்டை அடித்துக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு நான் போட்ட மனுவுக்கு 2011 ஆகஸ்டில் வந்த பதில் எனக்கு மனப்பாடம். ‘மற்ற எவருக்கும் இல்லாத தனிப்பட்ட காரணம் எதையும் விண்ணப்பதாரர் காட்டவில்லை.’ நீதிபதியின் முடிவு, கீழே எழுத்தர் கையெழுத்து. எழுத்தர் நீ. காலையில் நீ தட்டச்சு செய்து தபாலில் போட்டதை மறுநாள் பிற்பகல் நம் வீட்டுப் பெட்டியிலிருந்து நான் எடுத்துப் பிரித்தேன். மாலையில் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். நீ உப்பைக் கேட்டாய்.

இரண்டு மாதம் கழித்துப் படகுத்துறைக் கார் நிறுத்துமிடத்தில் லைல் டம்ரோ என்னைப் பிடித்தான். அவன் அம்மா சாகும்போது நர்ஸாகப் பக்கத்தில் நான் இருந்தேன், அதுதான் நான் செய்த குற்றம். தோள் எலும்பு சேர்ந்துவிட்டது. இடது கையில் இரண்டு விரல் இன்றும் மடங்குவதில்லை. போன வசந்தத்தில் அவன் தண்டனை முடிந்து ஊர் திரும்பிவிட்டான். மரம் அறுக்கும் ஆலையில் வேலையாம்.

மறுபடி மனுப் போடப்போகிறேன். உன்னிடம் உதவி கேட்டு இதை எழுதவில்லை. வேறு யார் வாயாலும் நீ கேட்கக்கூடாது என்பதற்காகத்தான்.

அன்புடன்,
நோரீன்

---

ஹார்லோ
21 ஜூலை 2022

அன்புள்ள நோரீன்,

பல்லைப் பிடுங்கியாயிற்று. உனக்குப் பயந்துதான் போனேன் என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் உன்னை இன்னும் என் மனைவி என்று நினைத்துக்கொண்டார். வாயில் பஞ்சு இருந்ததால் திருத்த முடியவில்லை.

லைல் திரும்பிவிட்டான் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு வெளியே போய் வெகுதூரம் நடந்தேன். மனுவைப் போடு. லைசென்ஸ் பிரிவில் நான் இப்போது இல்லை, உனக்கே தெரியும். வாரத்தில் மூன்று நாள் நீதிமன்றத்தின் அடித்தளத்தில் பழைய பதிவேடுகளோடு உட்கார்ந்திருக்கிறேன். மேலே ஆட்கள் நடப்பது மழை பெய்வது போலக் கேட்கும். சில நாள் படித்துக்கொண்டே இருக்கும்போது, இருநூறு வருஷத்துக்கு முன் செத்தவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்று தோன்றும்.

ஒன்று சொல்ல வேண்டும். நம் மாநிலம் சும்மா இருக்காது. புதுச் சட்டம் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். லைசென்ஸ் கொடுப்பார்கள், ஆனால் எங்கெங்கே கொண்டுபோகக்கூடாது என்று நீளமான பட்டியல் இருக்கிறது. அதில் படகும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பார்த்து நட.

நாம் நேரில் பேசினால் சண்டை வருகிறது, எழுதினால் வருவதில்லை. இதை முன்பே கண்டுபிடித்திருந்தால் ஒரே வீட்டுக்குள் தபால் பெட்டி வைத்திருக்கலாம்.

என்றும்,
ஹாலிஸ்

---

போர்ட் ஆல்டன்
30 அக்டோபர் 2022

அன்புள்ள ஹாலிஸ்,

நீ சொன்னது சரி. லைசென்ஸ் போன வாரம் கைக்கு வந்தது. பயிற்சி வகுப்பில் நான்தான் வயதில் மூத்தவள். மடங்காத விரலோடு நான் குறி பார்ப்பதைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பவர் முதலில் கவலைப்பட்டார். கடைசியில் கவலைப்படவில்லை.

ஆனால் கேள். படகு பொதுப் போக்குவரத்தாம், அதில் கொண்டுபோகக்கூடாது. கடைக்குள் துப்பாக்கியோடு போக வேண்டுமென்றால் கடைக்காரர் ‘வரலாம்’ என்று வாசலில் எழுதி வைத்திருக்க வேண்டும். பேசாமல் இருந்தால் ‘வரக்கூடாது’ என்று அர்த்தமாம். என் நோயாளிகள் எல்லோரும் தீவில். அதனால் காலையில் கார் நிறுத்துமிடத்தில், அவன் என்னைப் பிடித்த அதே இடத்தில், துப்பாக்கியைக் காரிலுள்ள பெட்டியில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு படகேறுகிறேன். மாலையில் திரும்பி வந்து பெட்டியைத் திறக்கிறேன். என் வீட்டுச் சமையலறையில் அதை வைத்துக்கொள்ள எனக்கு முழு உரிமை உண்டு. அங்கே என்னை யாரும் துரத்தியதில்லை.

ஆகவே வழக்கில் சேர்ந்துவிட்டேன். மாநிலச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று மத்திய நீதிமன்றத்தில் போட்டிருக்கிறோம். மொத்தம் ஆறு பேர். ஆர்லோ பைக் என்று ஒரு மீன்காரர், வாயைத் திறந்தால் மூடுவதில்லை. அவர் பேசும் சுதந்திரத்தைக் கேட்டால் எனக்கே சட்டத்தின் பக்கம் போய்விடலாமா என்றிருக்கிறது. ஆனால் நல்ல மனுஷர், எனக்கு மீன் கொண்டுவந்து தருகிறார்.

சத்தியப் பிரமாணமும் எழுதிக் கொடுத்தேன். 2011-இல் மாவட்டப் போலீஸின் துணை ஷெரிப், லைல் என் காரைத் தொடர்ந்ததையும் மிரட்டியதையும் இரண்டு பக்கம் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினாரே, அதைப் படித்துவிட்டும் நீதிபதி ‘காரணம் இல்லை’ என்றார் என்று. எங்கள் வக்கீல் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உனக்கு இது பிடிக்காது. ஏமஸை நினைப்பாய். உன் தம்பி போன விதம் எனக்கு மறக்கவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
நோரீன்

---

ஹார்லோ
6 பிப்ரவரி 2023

அன்புள்ள நோரீன்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை தொடங்கிக் கிழித்தேன்.

டிசம்பரில் மாநில அரசின் வக்கீல் ஒருத்தி வந்தாள். சின்ன வயசு, பூட்ஸ் முழுக்கச் சேறு. இப்போதெல்லாம் இந்த வழக்குகள் பழைய காகிதத்தில்தான் நிற்கின்றன என்றாள். ஒரு கட்டுப்பாடு செல்லுபடியாக வேண்டுமானால் நாடு உருவான காலத்திலும் அப்படிப்பட்ட கட்டுப்பாடு இருந்ததென்று அரசு காட்டியாக வேண்டுமாம். “பெரிய ஊர் சட்டமெல்லாம் பாத்தாச்சு சார். சின்ன ஊர் பதிவேட்டுல ஏதாவது இருக்கான்னு நீங்கதான் தேடித் தரணும்,” என்றாள். தேடுவது என் வேலை. யார் கேட்டாலும் தேடித் தருவேன். உன் வக்கீல் கேட்டிருந்தாலும் தேடியிருப்பேன்.

போன வியாழக்கிழமை கிடைத்தது. போர்ட் ஆல்டன் ஊர்க்கூட்டப் பதிவேடு, 1809. கனடாவுக்குக் கள்ளச் சரக்குப் போய்வந்த காலம். நம் துறை, நம் படகு. மங்கிய பழுப்பு மையில் எழுதியிருக்கிறது: ‘வெடிமருந்தடைத்த கைத்துப்பாக்கியோடு எவரும் படகேறலாகாது. வைத்திருப்பவர் துறையிலேயே ஆற்றைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்துவிட்டு ஏறுக.’

அன்று முழுக்க எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பனியில் ஆட்கள் வரிசையாக நின்று, ஒவ்வொருவராகத் தண்ணீரைப் பார்த்துச் சுட்டுவிட்டுப் படகில் கால் வைக்கிறார்கள். புகை ஆற்றின் மேலேயே தங்கிவிடுகிறது. யாரும் யாரையும் முறைத்துக்கொள்வதில்லை. பறவைகள் பழகிப்போய்ப் பறப்பதுகூட இல்லை. அந்த வரிசையில் கடைசியாக மருந்துப் பையோடு நீ நிற்கிறாய். உன்னிடம் சுட்டுத் தீர்க்க எதுவும் இல்லை.

இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை எனக்கு முன் யாரும் திறந்ததில்லை, எனக்குப் பின்னும் யாரும் திறக்கப்போவதில்லை. நீ சொன்னால் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துவிடுவேன்.

ஹாலிஸ்

---

போர்ட் ஆல்டன்
11 பிப்ரவரி 2023

ஹாலிஸ்,

கொடுத்துவிடு.

நீ என்மேல் பிரியத்தில்தான் கேட்கிறாய் என்று தெரிகிறது. படித்து முடித்துக் கொஞ்ச நேரம் எனக்கு மனசு இளகிவிட்டது. பிறகு யோசித்தேன். அன்றைக்கு நீதிபதிக்குப் பின்னால் நின்றுகொண்டாய், இன்றைக்கு எனக்குப் பின்னால் நிற்கப் பார்க்கிறாய். ‘அவள் சொன்னாள், மூடிவிட்டேன்.’ அந்த இடத்தை நான் உனக்குத் தரமாட்டேன்.

அந்த வழக்கில் நான் கேட்பது என்ன? என்னை நம்பு, என் முடிவை எனக்குத் தெரியாமல் எடுக்காதே என்றுதான் அரசிடம் கேட்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டே மறுபக்கம் ஒரு பக்கத்தை மறைத்துவைத்தால் எனக்கு என்ன முகம்?

ஜெயிப்பதானால் அந்தப் பக்கம் மேசையில் இருக்கும்போதே ஜெயிக்கிறேன். இல்லாவிட்டால் தோற்கிறேன்.

ஆற்றைப் பார்த்துச் சுடுகிறவர்கள் எனக்கும் கனவில் வந்தார்கள். நீ எழுதிய விதம் அப்படி. இருபத்திரண்டு வருஷம் இப்படி ஒரு வாக்கியம்கூட என்னிடம் பேசியதில்லை நீ.

நோரீன்

---

ஹார்லோ
2 மார்ச் 2023

அன்புள்ள நோரீன்,

கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள், நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டாள். அதே நகலை உன் வக்கீலுக்கும் அனுப்பினேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. என் முடிவை எனக்குத் தெரியாமல் எடுக்காதே என்று. அதைப் படித்ததிலிருந்து தூங்கவில்லை, அதனால் இதை எழுதுகிறேன். பதினோரு வருஷம் எழுதாமல் இருந்த விஷயம்.

துணை ஷெரிப் அனுப்பிய அந்த இரண்டு பக்கத்தை நீதிபதி படிக்கவில்லை. அது அவர் கைக்குப் போகவே இல்லை. உன் மனுவின் முடிவில் நான் தலையிடக்கூடாது, காகிதங்களை அடுக்கி வைத்து அவர் முடிவைத் தட்டச்சு செய்வதோடு சரி என்று அவர் சொல்லியிருந்தார். அடுக்குவது என் வேலை. அவர் முடிவு எழுதுவதற்கு மூன்று நாள் முன்னால் அந்தக் காகிதம் வந்தது. நான் அதை என் மேசை இழுப்பறையில் வைத்தேன். நாளைக்குச் சேர்த்துவிடலாம் என்று வைத்தேன் என்று எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மை இல்லை.

வீட்டுக்குள் துப்பாக்கி வரக்கூடாது என்று நினைத்தேன். ஏமஸ் போனபோது எனக்குப் பத்தொன்பது வயசு. அவனைக் கண்டுபிடித்தது நான். அப்பாவின் அலமாரியில் அது இல்லாமல் இருந்திருந்தால் அன்று சாயங்காலம் அவன் கோபித்துக்கொண்டு படுத்துத் தூங்கி, மறுநாள் எழுந்து பள்ளிக்கூடம் போயிருப்பான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். அக்டோபரில் மருத்துவமனையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் காகிதம் இழுப்பறையில்தான் இருந்தது. இப்போது என்னிடம் வீட்டில் இருக்கிறது.

நீ சத்தியப் பிரமாணத்தில் எழுதியது பொய்யாகிவிட்டது. உன்னால் அல்ல, என்னால். நான் கேட்கப்போவது எதுவும் இல்லை.

ஹாலிஸ்

---

ஹார்லோ
19 ஜூன் 2023

அன்புள்ள நோரீன்,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் உரிமை இல்லை. இருந்தும் தபால்காரர் வரும் நேரத்தில் ஜன்னலருகே ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறேன்.

செய்தி ஒன்றுதான். ஏப்ரலில் இப்போதைய மாவட்ட நீதிபதியைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன், காகிதத்தையும் கொடுத்தேன். நான் பேசி முடிக்கிறவரை பேனாவைத் தொடாமல் கேட்டார். பிறகு, “இதை ஏன் இப்ப சொல்றீங்க?” என்று கேட்டார். யாரும் கேட்காததால் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். அடித்தள வேலை போய்விட்டது. சாவியை நானே மேசையில் வைத்துவிட்டு வந்தேன். உன் கோப்பில் அந்தக் காகிதம் இப்போது இருக்கிறது, வந்து சேர்ந்த உண்மையான தேதியோடு.

இரவல் வாங்கிய மாதிரி இருக்கிறது பகல்பொழுது. எதற்கும் உபயோகமில்லை, திருப்பிக் கொடுக்கவும் ஆள் இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மழைக்காலம் வந்தால் தோளுக்குச் சூடு வை.

ஹாலிஸ்

---

டெலாங் தீவு
14 டிசம்பர் 2023

ஹாலிஸ்,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். நவம்பர் முதல் இங்கேதான் இருக்கிறேன். பாஸ்கம் அம்மா செப்டம்பரில் போய்விட்டார். அவர் வீட்டின் கீழ்ப்பகுதியைத் தீவுக்காரர்கள் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். முன்னறையில் நோயாளிகள், பின்னறையில் நான். இனி அந்தக் கார் நிறுத்துமிடத்தில் தினமும் இரண்டு தடவை நிற்க வேண்டியதில்லை.

தீர்ப்பு வந்தது. கடை வாசலில் எழுதாவிட்டால் வரக்கூடாது என்ற விதியை நீதிபதி தூக்கி எறிந்துவிட்டார். வாய்திறக்காத கடைக்காரருக்காக அரசு பேச முடியாது என்றார். படகை மட்டும் விடவில்லை. உன் 1809 பதிவேட்டை முழுசாக எடுத்துப் போட்டிருக்கிறார். இந்த நாட்டில் இப்படிப்பட்ட கட்டுப்பாடு புதிதல்ல, அதுவும் இதே ஆற்றில், இதே துறையில் இருந்திருக்கிறது என்று. நான் அதைப் படகில் உட்கார்ந்துதான் படித்தேன். சுற்றிலும் ஒன்றும் தெரியவில்லை. தோற்றுவிட்டோம் என்பதுகூடக் கொஞ்சம் தூரத்தில் யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது.

உன் மார்ச் கடிதம் கிடைத்த மறுநாளே சத்தியப் பிரமாணத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். வக்கீலுக்கு வருத்தம். “யாரும் கேக்கலியே நோரீன். நீங்களா எதுக்குப் போய்ச் சொல்றீங்க?” என்றார். “பொய்யின்னு தெரிஞ்சப்புறம் அதுல என் கையெழுத்து இருக்கக்கூடாது,” என்றேன். இந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பதினோரு வருஷம் ஒரு நீதிபதியை வெறுத்திருக்கிறேன், ஹாலிஸ். அவர் செத்தபோது சந்தோஷப்பட்டேன். அந்த மனுஷர் என் காகிதத்தைப் பார்க்கவே இல்லை.

பல நாள் உனக்குப் பதில் எழுதி எழுதி வைத்தேன். எல்லாவற்றிலும் ‘ஏன்’ என்ற ஒரே கேள்விதான் இருந்தது, அதனால் அனுப்பவில்லை. இப்போது கேள்வி இல்லை, சொல்ல மட்டும் இருக்கிறது.

அன்றைக்கு என் பையில் அது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எடுத்திருப்பேனா, அவன் பிடுங்கி என்னையே சுட்டிருப்பானா, தெரியாது. நீ செய்தது சரியாகக்கூட இருக்கலாம். நான் இன்று உயிரோடு இருப்பதே அதனால்தானோ என்னவோ. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தெரியாத வாழ்க்கை என்னுடையது. அதை நீ எடுத்து இழுப்பறையில் வைத்துவிட்டாய்.

ஏமஸை நினைத்துத்தான் செய்தாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “எனக்கு பயமா இருக்கு, அது நம்ம வீட்டுக்கு வேண்டாம்” என்று சாப்பிடும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுவை நானே கிழித்திருப்பேன் என்று சொல்லவில்லை. உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன்.

நீ போய் மாவட்ட நீதிபதியிடம் சொன்னதைக் கேள்விப்பட்டு ஆர்லோ, “அந்தாளு நல்லவருதான் போல,” என்றார். நான் மீனைக் கழுவப் போனேன். துப்பாக்கியைத் தீவுக்குக் கொண்டுவந்ததும் அவருடைய மீன்பிடிப் படகில்தான். சொந்தப் படகுக்கு யாரும் சட்டம் போடவில்லை. இப்போது மேல் அலமாரியில் பூட்டியிருக்கிறது. இங்கே வந்த பிறகு இரண்டு தடவைதான் திறந்து பார்த்தேன். லைலைப் போன மாதம் அக்கரையில் கடையில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் ரொட்டி அடுக்கின் பக்கம் திரும்பிக்கொண்டான். பயந்தது அவனா நானா என்று இன்னும் புரியவில்லை.

மூன்று மணி ஆகிவிட்டது, நாலு மணிக்குக் கடைசிப் படகு. இந்தக் கடிதம் அதில் வரும். ஓரத்தில் பனி கட்ட ஆரம்பித்துவிட்டது. படகு ஓட முடியாத அளவுக்குத் தடித்துவிடும், ஆனால் ஆள் நடக்கிற அளவுக்கு ஆகாது. ஜனவரிக் குளிர் இறுகும்வரை ஐந்தாறு வாரம் யாரும் வர முடியாது, போக முடியாது, தபாலும் கிடையாது. இங்கே எல்லோருக்கும் அது பழகிய விஷயம். மாவும் மண்ணெண்ணெயும் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். நானும் இருப்பேன்.

பனி ஆளைத் தாங்க ஆரம்பித்தால் தபால்காரர் கோலால் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்து வருவாராம். அவர் பையில் உன் கடிதம் இருந்தால் வாங்கிக்கொள்வேன். படிப்பேனா என்று இப்போதே என்னைக் கேட்காதே.

நோரீன்